வீட்டுக் கேட்பும் ரசிகர் பகிர்வும்

கர்நாடக இசையை வீட்டில் கேட்பதும், கேட்டதைத் தெரிந்த ரசிகர்களுக்குச் சொல்வதும், அவர்களை அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் செய்வதும் பழைய வழக்கம். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும் அங்கே கூடுவார்கள். வாசிப்பு நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கியபின், ஒரே கச்சேரியைப் பல ஊர்களில் பல வீடுகள் ஒரே நேரத்தில் கேட்டன. 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவில் வரும். மறுநாள் காலை அதைப் பற்றிப் பேசுவதற்கென்றே நண்பர்கள் சந்திப்பார்கள். ஸ்பூல் டேப்பும் அதன்பின் கேசட்டும் வந்தபோது, பேச்சோடு நின்றிருந்த பகிர்வு பதிவுகளைக் கைமாற்றிக்கொள்வதாக வளர்ந்தது.

இன்று ஒரு முழுக் கச்சேரியை ஒரு நொடியில் அனுப்பிவிடலாம். அனுப்பியது கேட்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. விவரம் இல்லாமல் வந்து சேரும் பதிவுகளில் பெரும்பாலானவை பாதியில் நிறுத்தப்படுகின்றன, அல்லது திறக்கப்படுவதே இல்லை. பாடுபவர் யார், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் அதே பதிவை மூன்று முறை கேட்பவர்கள் உண்டு. ஆகவே பகிர்பவரின் வேலை பதிவைத் தேடுவதோடு முடிவதில்லை. அதைப் பற்றி எழுதும் நாலு வரியில்தான் அந்த வேலை முழுமை அடைகிறது.

கூடவே சொல்லவேண்டியவை

பாடகரின் பெயரோடு நின்றுவிடுவது பரவலான குறை. வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம் ஆகியவற்றை வாசித்தவர்களின் பெயரும் குறிப்பில் இருக்க வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் வயலின்காரர் ராகத்தைத் தம் பங்குக்கு வாசிக்கிறார், நிரவலிலும் ஸ்வரத்திலும் பதில் சொல்கிறார். மிருதங்கக்காரர் கச்சேரியின் நடையையே தீர்மானிக்கிறார். பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஒரு கச்சேரியைப் பாடகர் பெயரை மட்டும் போட்டு அனுப்பினால், மிருதங்கத்துக்காகவே அதைத் தேடிக்கொண்டிருக்கும் ரசிகருக்கு அது கண்ணில் படாமலே போகும்.

அடுத்து உருப்படியின் விவரம்: பாட்டின் எடுப்பு, ராகம், தாளம், இயற்றியவர். இயற்றியவர் தெரியாவிட்டால் சரணத்தில் வரும் முத்திரையைக் கவனிக்கலாம். தியாகராஜர் தம் பெயரையே வைப்பார். 'குருகுஹ' என்று வந்தால் பெரும்பாலும் முத்துசுவாமி தீட்சிதர். 'சியாமகிருஷ்ண' என்று வந்தால் சியாமா சாஸ்திரி. 'ராமதாசன்' என்று வந்தால் பாபநாசம் சிவன். தீட்சிதரின் பல கீர்த்தனங்களில் ராகத்தின் பெயரும் சாகித்தியத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும். ராகம் பிடிபடாதபோது சொற்களை உற்றுக் கேட்டால் விடை கிடைத்துவிடும். தாளத்தை எண்ணிக் கண்டுபிடிப்பது எளிது. எட்டு அட்சரமானால் ஆதி, ஏழானால் மிச்ர சாபு, ஐந்தானால் கண்ட சாபு என்ற அளவுக்குத் தெரிந்தாலே பெரும்பாலான பாட்டுகளுக்குக் குறிப்பு எழுதிவிடலாம்.

இடமும் தேதியும் அடுத்தவை. சபாக் கச்சேரியா, வானொலி ஒலிபரப்பா, கல்யாணக் கச்சேரியா, வீட்டில் பாடியதா என்பதைப் பொறுத்துப் பாடும் விதமே மாறுகிறது. வானொலியில் நேரம் வரையறுக்கப்பட்டது. கல்யாணப் பந்தலில் துக்கடாக்கள் கூடும். சிறிய கூடத்தில் தெரிந்தவர்கள் முன் பாடும்போது வித்வான்கள் அபூர்வமான உருப்படிகளை எடுப்பார்கள். தேதி உறுதியாகத் தெரியாதபோது ஊகத்தை உண்மைபோல் எழுதக் கூடாது. '1960கள்?' என்று கேள்விக்குறியோடு எழுதுவதே முறை. ஒருவர் ஊகமாக எழுதிய ஆண்டு பத்துக் கை மாறியதும் வரலாறாகிவிடுகிறது. அதை யாராலும் திருத்த முடிவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது, கவனிக்க வேண்டிய இடத்தைச் சுட்டுவது. 'அருமையான கல்யாணி' என்பதால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'பதினான்காவது நிமிடத்தில் தாரஸ்தாயி காந்தாரத்தில் நின்று அங்கிருந்து இறங்கும் விதத்தைக் கேளுங்கள்' என்றால் அவர் காது அந்த இடத்துக்குக் காத்திருக்கும். ஸ்வரஞானம் இல்லாதவரும் இதைச் செய்யலாம். 'அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம்', 'வயலின் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியின் கடைசி ஒரு நிமிடம்' என்று சொன்னால் போதுமானது.

பதிவின் வகையும் அதன் எல்லையும்

எந்த ஊடகத்துக்காகப் பாடப்பட்டது என்பது தெரியாமல் ஒரு பதிவை மதிப்பிட முடியாது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். ஜி.என். பாலசுப்ரமணியம் அந்தக் காலத்தில் கொடுத்த கல்யாணி ராக 'வாசுதேவயனி'யும் முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு'வும் அந்தக் கட்டுக்குள் பிறந்தவை. ஆலாபனையின் சாரத்தைச் சில வீச்சுகளில் கொடுத்துவிட்டுக் கீர்த்தனத்துக்குள் நுழைய வேண்டும். அவற்றைக் கச்சேரிப் பதிவோடு ஒப்பிட்டு 'விஸ்தாரம் இல்லை' என்பது பொருந்தாது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டவர்கள், சில நிமிடங்களில் ஒரு ராகம் எவ்வளவு முழுமையாக நிற்க முடியும் என்பதை அறிவார்கள்.

1948இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் இடம் கொடுத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் பாடிய கச்சேரி எல்.பி.யாக வெளிவந்து எத்தனையோ வீடுகளுக்குள் போனது. அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் ராம்நாட் கிருஷ்ணனைப் பதிவுசெய்து 'வித்வான்' என்ற எல்.பி.யை வெளியிட்டது, நிதானமாக விரியும் அவருடைய பாட்டுக்கு நீண்ட பக்கம் பொருந்திவந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட்டில் இரண்டு அளவுகள் பிரபலம்: பக்கத்துக்கு 30 நிமிடம் கொண்ட சி-60, 45 நிமிடம் கொண்ட சி-90. சபாவில் ரசிகர்கள் எடுத்த பதிவுகளில் ஆலாபனையின் நடுவே சட்டென்று ஓர் இடைவெளி வருவது கேசட்டைத் திருப்பிப் போட்ட தடயம். அந்த இடைவெளியை வெட்டி ஒட்டி மறைப்பதைவிட, '45ஆவது நிமிடத்தில் பக்கம் மாறுகிறது' என்று குறிப்பெழுதிவிடுவது நேர்மை.

டேப்பின் வேகம் தனிக் கவனம் கேட்கும் விஷயம். கருவி சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடும். தாழ்ந்த சுருதியில் மிக நிதானமாகப் பாடிய எம்.டி. ராமநாதன் ஒரு பதிவில் மெல்லிய குரலில் விறுவிறுப்பாகப் பாடுவதுபோல் ஒலித்தால், படி எடுத்தபோது வேகம் தவறியிருக்கிறது என்று கொள்ளலாம். சுருதிப் பெட்டியையோ கைபேசியில் உள்ள தம்புராவையோ வைத்து, அந்த வித்வான் வழக்கமாகப் பாடும் கட்டையோடு ஒப்பிட்டு, வேகத்தைச் சரிசெய்த பிறகே மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். தவறான வேகத்தில் பரவிய பதிவு ஒரு கலைஞரின் குரலைப் பற்றியே தவறான எண்ணத்தை ஊன்றிவிடும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள்களைக் கொஞ்சமாகவே பயன்படுத்த வேண்டும். பழைய தட்டின் கரகரப்பை முழுவதும் துடைத்தெடுத்தால் தம்புராவின் ரீங்காரமும், கமகத்தின் ஓரங்களும், வயலின் வில்லின் உராய்வும் அதோடு போய்விடும். கரகரப்புக்குக் காது சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. தேய்ந்துபோன கமகத்துக்கு அது ஒருபோதும் பழகுவதில்லை.

அறையும் கருவியும்

பழைய பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. அவற்றைக் கேட்க நல்ல ஸ்பீக்கர் ஒன்று இருந்தாலே போதும். இரட்டை ஸ்பீக்கருக்காகச் செலவழிக்கும் தொகையை ஒற்றை ஸ்பீக்கரின் தரத்தில் போடுவது நல்லது. கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதும் கேட்கச் சொல்வதும் வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் அதில் ஏறக்குறைய கேட்காது. வலந்தலையின் ஓசை மட்டும் தட்டுகிற சத்தமாக வரும். மிருதங்கம் பிடிக்காது என்று சொல்லும் சிலருக்கு நல்ல ஸ்பீக்கரில் பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கேட்கக் கொடுத்தால் கருத்து மாறலாம்.

சிமென்ட் சுவரும் மொசைக் தரையும் உள்ள கூடம் ஒலியைத் திருப்பி அடிக்கும். தரையில் ஜமக்காளம், ஜன்னலில் கனமான திரை, ஒரு சுவரில் புத்தக அலமாரி இருந்தால் எதிரொலி கணிசமாகக் குறையும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தால் கீழ்ஸ்தாயி வீங்கித் தெரியும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைக்க வேண்டும். சீலிங் ஃபேன் இரைச்சல் விளம்ப காலத்தில் பாடும் ராகத்தை விழுங்கிவிடும். ஆகவே அமர்வை விடியற்காலையிலோ இரவிலோ வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் விடலாம்.

78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். அந்தத் தட்டின் பள்ளம் அகலமானது; எல்.பி.க்கான ஊசியால் அதை ஓட்டக் கூடாது, அதற்கென்று உள்ள பருத்த ஊசி வேண்டும். அந்தத் தட்டுகள் ஷெல்லாக் என்னும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்குக் கரைந்து பள்ளமே அழிந்துவிடும்.

சேர்ந்து கேட்கும் அமர்வு

ஐந்தாறு பேர், இரண்டு மணி நேரம் என்பது வீட்டு அமர்வுக்கு ஏற்ற அளவு. பத்துப் பேருக்குமேல் கூடினால் அது கூட்டமாகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு பதிவு கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டால் ஆறு பதிவுகள் சேரும். ஆறையும் போட்டால் எதுவும் மனத்தில் தங்காது. ஒரு மெயின் உருப்படியும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறிய பாட்டும் போதும். எஞ்சியவை அடுத்த மாதத்துக்கு.

பதிவு ஓடும்போது பேசக் கூடாது என்பதில் தளர்வு வேண்டாம். 'இந்த இடத்தைப் பாருங்கள்' என்று கையைத் தூக்குவதுகூட மற்றவரின் கவனத்தைப் பாட்டிலிருந்து பேசுபவர்மேல் திருப்பிவிடும். சொல்லவேண்டியதை முன்பே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எஞ்சியதை முடிந்தபின் பேசலாம். தாளம் போடுவதானால் தொடையில் அறையாமல் விரலால் எண்ணலாம். காபியும் டிபனும் முடிவில். நடுவே தட்டுகள் வந்தால் நிரவலில் ஓர் ஆவர்த்தனம் போய்விடும்.

தனி ஆவர்த்தனம் வரும்போது பதிவை நகர்த்தி அடுத்த பாட்டுக்குப் போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது கைவிடவேண்டிய வழக்கம். சபாவில் அந்த நேரத்தில் எழுந்து போகிறவர்களைக் குறைசொல்லும் ரசிகர்களே வீட்டில் அதைச் செய்கிறார்கள். வீட்டில் ஒரு வசதியும் உண்டு: கோர்வை விளங்காவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பப் போட்டு, எல்லோரும் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். சபாவில் கிடைக்காத பாடம் அது.

ஒரே பாட்டை இருவர் பாடியதை அடுத்தடுத்துக் கேட்பது நல்ல முறை. பாடாந்தர வேறுபாடு, சங்கதிகளின் எண்ணிக்கை, காலப்பிரமாணம் எல்லாம் தாமாகத் தெரியும். முசிரியின் 'நகுமோமு'வையும் பாலமுரளிகிருஷ்ணாவின் 'நகுமோமு'வையும் வரிசையாகப் போடலாம். அதன்பின் தீட்சிதரின் 'வீணாபேரி'யைச் சுத்த தைவதத்தோடு பாடிய பதிவு ஒன்று கிடைத்தால், ஆபேரி ராகத்துக்கு எந்தத் தைவதம் என்ற நெடுநாள் விவாதம் எதைப் பற்றியது என்பதை நூல் எதுவும் புரட்டாமல் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். இப்படி ஒப்பிடும்போது யார் பெரியவர் என்ற பேச்சு எழும். அதை அனுமதித்தால் அந்த மாலை அதோடு முடிந்தது. எந்த இடத்தில் என்ன வேறுபடுகிறது என்பதோடு பேச்சை நிறுத்துவது அழைத்தவரின் பொறுப்பு.

பெயர் சொல்லாமல் பதிவைப் போட்டு, கேட்டபின் சொல்வது இன்னொரு முறை. புகழ்பெற்ற பெயர் காதுக்கு முன்னால் மனத்தைத் தயார்செய்துவிடுகிறது. பெயர் மறைந்தால் பாட்டு மட்டும் நிற்கும். அதிகம் பேசப்படாத கலைஞர்களுக்கு நியாயம் கிடைக்கும் வழியும் இதுவே. என்.சி. வசந்தகோகிலம் 1951இலேயே மறைந்துவிட்டதால் பின்வந்த தலைமுறை அவர் பெயரை அதிகம் அறியாது. பெயர் சொல்லாமல் அவர் குரலைப் போட்டால் 'யார் இது?' என்று கேட்காதவர் குறைவு. ஆனால் இதை ராகம் கண்டுபிடிக்கும் போட்டியாக மாற்றக் கூடாது. புதிதாக வந்தவர் வாய் திறக்க அஞ்சுவார்.

புதியவருக்கு முதலில் எதைப் போடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இன்றைய கச்சேரி முறையை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் பதிவுகள் பாதுகாப்பான தொடக்கம். உருப்படிகள் அளவானவை, எதுவும் நீண்டு சலிப்பூட்டாது. மதுரை மணி ஐயரின் ஸ்வரங்கள் தாளம் தெரியாதவரையும் தலையாட்ட வைக்கும். டி. பிருந்தாவின் பதங்களையும் எம்.டி. ராமநாதனின் விளம்ப காலத்தையும் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவை பொறுமை கேட்பவை. கொடுத்த பொறுமைக்குப் பலமடங்கு திருப்பித் தருபவை.

தொலைவில் இருப்பவருக்கு

கைபேசிச் செயலிகள் வழியே ஒலிக்கோப்பை அனுப்பும்போது அது மேலும் சுருக்கப்படக்கூடும். கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அந்த இழப்பு நேராது. சுருக்காத ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம்; இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றரை ஜிகாபைட்டைத் தாண்டும். மோனோவாக வைத்தால் அதில் பாதி. ஃபிளாக் முறையில் தரம் குறையாமல் அளவு இன்னும் சிறுக்கும். வெளியூரில் இருக்கும் ரசிகர்கள் ஒரே பதிவை வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் தத்தம் வீட்டில் கேட்டுவிட்டுப் பின்னர் தொலைபேசியில் பேசலாம். வாரத்துக்கு ஒரு பதிவுக்குமேல் அனுப்பாதவரின் பதிவுகளைத்தான் மற்றவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

உரிமை

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஒலிப்பதிவுக்கு வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. மேடையில் பாடிய கலைஞரின் உரிமை 50 ஆண்டுகள். பாட்டை இயற்றியவருக்கு வாழ்நாளும் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும். மும்மூர்த்திகளின் கீர்த்தனங்களுக்கு இந்தத் தடை இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்ததால் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உண்டு. நண்பர்களை வீட்டுக்கு அழைத்துக் கேட்பதில் சிக்கல் இல்லை. விற்பனையில் இருக்கும் பதிவைப் படியெடுத்துப் பரப்புவது கலைஞரின் வருமானத்தில் கைவைப்பது. அதை வாங்கிக் கேட்கும்படி நண்பரிடம் சொல்லலாம், அல்லது வாங்கியே பரிசாகத் தரலாம். வீட்டுக் கூடத்தில் நம்பிக்கையின்பேரில் பாடப்பட்ட பதிவைப் பாடியவரின் அல்லது அவர் குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் வெளியே விடக் கூடாது.

பழைய சேகரிப்புகள்

பல வீடுகளின் பரணில் ஸ்பூல்களும் கேசட்டுகளும் கிடக்கின்றன. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை படியும். அப்படிப்பட்டதைக் கருவியில் போட்டால் டேப்பும் கெடும், கருவியின் ஹெட்டும் கெடும். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கணினியில் ஏற்றும்போது 24 பிட் வேவ் கோப்பாக ஏற்றி, எந்தத் திருத்தமும் செய்யாத மூலத்தைத் தனியே வைத்து, சரிசெய்யும் வேலையைப் படியில் மட்டும் செய்வது முறை. அறிவிப்பாளர் குரல், சுருதி சேர்க்கும் சத்தம், கைதட்டல் ஆகியவற்றை வெட்டக் கூடாது. எந்த நிலையம், எந்தச் சபா, எந்தக் காலம் என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று சில வேளைகளில் அதுவாகவே இருக்கும். படிகளை இரண்டு வீடுகளில் வைப்பது நல்லது.

சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிப் பதிவுகளை அங்கேயே அமர்ந்து கேட்கும் டிஜிட்டல் கேட்பு மையம் இருக்கிறது. வீட்டில் உள்ள பதிவின் தேதியையோ பக்கவாத்தியத்தையோ ஒப்பிட்டுச் சரிபார்க்க அது உதவும்.

டேப்பைவிட வேகமாக அழிவது அதைப் பற்றிய நினைவு. அட்டையில் 'செம்மங்குடி – 3' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த ஊர், யார் வயலின் என்பது பதிவுசெய்த பெரியவருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் அத்தகைய சேகரிப்பு உள்ளவர்கள் கணினியில் ஏற்றும் வேலையைத் தள்ளிப்போட்டாலும், அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாக எடுத்துக் கேட்டு விவரங்களை எழுதிக்கொள்ளும் வேலையை இந்த மாதமே தொடங்கிவிட வேண்டும்.